தேடும் இடத்தைப் பாதியாக்குதல்

நேற்று ஓடிய நிரல் இன்று ஓடவில்லை என்றால், பெரும்பாலான நிரலாளர்கள் முதலில் தொடுவது தங்களுக்குச் சந்தேகம் விழுந்த வரியைத்தான். அதை மாற்றி ஓட்டிப் பார்க்கிறார்கள். சரியாகவில்லை என்றதும் லைப்ரரியைப் புதுப்பிக்கிறார்கள், கேஷை அழிக்கிறார்கள், சர்வரை ரீஸ்டார்ட் செய்கிறார்கள், இணையத்தில் எங்கோ கிடைத்த கட்டளையை டெர்மினலில் ஒட்டுகிறார்கள். மாலைக்குள் நிரல் ஓடினாலும் ஓடலாம். ஆனால் எந்த மாற்றத்தால் ஓடியது என்று கேட்டால் பதில் இருக்காது. தேவையில்லாத மாற்றங்கள் பாதி உள்ளேயே தங்கிவிடும். பிழை போய்விட்டதா, தற்காலிகமாக ஒளிந்திருக்கிறதா என்பதும் தெரியாது. இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒரே கருத்துதான்: பிழையைக் கண்டுபிடிப்பதற்குச் சரியாக ஊகிக்கும் திறமை அவசியமில்லை, பிழை இருக்கக்கூடிய இடத்தை ஒவ்வொரு சோதனையிலும் குறைத்துக்கொண்டே வரும் ஒழுங்கு போதும். டிபக்கர், லாக், கிட், புரொஃபைலர் என்று நம்மிடம் இருக்கும் கருவிகள் எல்லாமே இந்தக் குறைப்பு வேலைக்கு உதவுபவை. எதைக் குறைக்கிறோம் என்று தெரியாமல் கையில் எடுத்தால் அவையும் ஊகத்துக்கே துணைபோகும்.

வீட்டில் டிரிப்பர் விழுந்தால் எலக்ட்ரீஷியன் உடனே சுவரை உடைப்பதில்லை. எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, பகுதி பகுதியாகப் போட்டுப் பார்த்து, எந்தப் பகுதியைப் போட்டதும் விழுகிறது என்று கண்டுகொள்கிறார். மென்பொருளில் இதைவிட வேகமாகப் போகலாம், ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் சந்தேகப் பட்டியலை நடுவில் வெட்ட முடியும். 1,000 இடங்களில் ஒன்றில் பிழை என்றால், வரிசையாகப் பார்க்கிறவர் சராசரியாக 500 சோதனை செய்ய வேண்டும். நடுவில் வெட்டுகிறவருக்கு 10 போதும். இடங்கள் பத்து லட்சமானாலும் 20 சோதனைக்கு மேல் ஆகாது. திறமையான ஊகம் சில நாட்களில் முதல் தடவையே பலித்துவிடும். பலிக்காத நாட்களில் அதற்கு எல்லையே கிடையாது. பாதியாக்கும் முறைக்கு எல்லை உண்டு, அதுவும் முன்கூட்டியே கணக்கிடக்கூடிய எல்லை.

பிழையைத் திரும்ப வரவழைத்தல்

குறைப்பதற்கு முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. நாம் கேட்கும்போது பிழை வந்து நிற்க வேண்டும். சில சமயம் வருகிறது, சில சமயம் வருவதில்லை என்ற நிலையில் எந்தச் சோதனையின் விடையையும் நம்ப முடியாது. ஒரு மாற்றம் செய்தபின் பிழை வரவில்லை என்றால், அது மாற்றத்தின் பலனா, இந்த முறை தற்செயலாக வராமல் போனதா என்று பிரிக்க வழியில்லை. இந்த நிபந்தனையின் எடையைக் காட்டும் கசப்பான சான்று தெராக்-25. கனடாவின் அரசு நிறுவனமான ஏஇசிஎல் தயாரித்த இந்தப் புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம், 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. அதனால் சிலர் உயிரிழந்தார்கள். 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகர மருத்துவமனையில் விபத்து நடந்தபோது திரையில் தெரிந்தது 'மால்ஃபங்ஷன் 54' என்ற ஒற்றைச் செய்தி. தயாரிப்பாளரின் பொறியாளர்கள் சோதித்தார்கள். அந்தச் செய்தியை அவர்களால் வரவழைக்க முடியவில்லை. இயந்திரம் மறுபடியும் பயன்பாட்டுக்கு வந்தது. ஏப்ரலில் அதே மருத்துவமனையில் இன்னொரு நோயாளி பாதிக்கப்பட்டார்.

கடைசியில் பிழையை வரவழைத்தவர்கள் அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயந்திரத்தை இயக்கிய ஊழியரும்தான். அன்று என்னென்ன செய்யப்பட்டதோ அதை வரிசை மாறாமல் திரும்பத் திரும்பச் செய்து பார்த்ததில், தட்டும் வேகம்தான் காரணம் என்று தெரிந்தது. எக்ஸ்-கதிர் என்று தவறாகத் தட்டியதை எலக்ட்ரான் கதிர் என்று திருத்தும் வேலை 8 விநாடிக்குள் முடிந்துவிட்டால், காந்தங்கள் நிலைகொள்ளும் அந்த இடைவெளியில் நடந்த திருத்தத்தை நிரல் கவனிக்கவில்லை. பல மாதம் பழகிய ஊழியர் மளமளவென்று தட்டினார். சோதிக்க வந்தவர்கள் நிதானமாகத் தட்டினார்கள். இரு தரப்பும் தட்டிய எழுத்துகள் ஒன்றே, நேரம் வேறு. ஆகவே பிழையைக் குறித்துவைக்கும்போது என்ன செய்தோம் என்பதோடு, எந்த வரிசையில், எவ்வளவு வேகத்தில், எந்தச் சூழலில் செய்தோம் என்பதையும் எழுத வேண்டும். இன்றைய வேலையில் சூழல் என்றால் இயங்குதளத்தின் பதிப்பு, மொழியின் பதிப்பு, லைப்ரரிகளின் துல்லியமான பதிப்பு எண்கள், சூழல் மாறிகள், நேர மண்டலம், தரவின் அளவு. 'என் கணினியில் ஓடுகிறதே' என்று ஒருவர் சொல்வது வழக்கமாகச் சண்டையில் முடிகிறது. உண்மையில் அது நல்ல செய்தி. ஓடும் கணினி ஒன்று, ஓடாத கணினி ஒன்று கிடைத்துவிட்டது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடுகளே இனி நம் சந்தேகப் பட்டியல்.

பிழைச்செய்தியை முழுவதும் படிப்பதும் இந்தக் கட்டத்தில் சேர்ந்ததுதான். செய்தி காரணத்தைச் சொல்லாமல் போகலாம், ஆனால் இடத்தைக் கணிசமாகக் குறைத்துத் தந்துவிடும். பைத்தானின் டிரேஸ்பேக்கில் கடைசி வரிதான் பிழையின் பெயர். அதற்குச் சற்று மேலே பார்த்துக்கொண்டே போனால் நாம் எழுதிய கோப்பின் வரி எண் வரும். ஜாவாவில் 'காஸ்டு பை' என்று தொடங்கும் பகுதிகள் பல இருந்தால், அடியில் உள்ளதுதான் மூலத்துக்கு அருகில் இருப்பது. சி மொழிக் கம்பைலர் ஐம்பது பிழைகளைக் கொட்டினால் முதலாவதை மட்டும் திருத்திவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும், ஏனெனில் மீதியில் பல அந்த முதல் பிழையின் விளைவாக வந்தவை. செய்தியின் ஒரு துண்டை மட்டும் வெட்டித் தேடுகிறவர், இயந்திரம் இலவசமாகக் கொடுத்த குறைப்பை வேண்டாம் என்று சொல்கிறார்.

காலத்தை வெட்டுதல்

முன்பு ஓடியது, இப்போது ஓடவில்லை என்ற வகைப் பிழைக்கு மிகச் சிறந்த கருவி கிட்டின் பைசெக்ட் கட்டளை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கினார். அந்த ஆண்டிலேயே பைசெக்ட்டும் அதில் வந்துவிட்டது. பயன்பாடு எளிது. பிழை உள்ள கமிட் ஒன்றைக் கெட்டது என்றும், பிழை இல்லாத பழைய கமிட் ஒன்றை நல்லது என்றும் சொன்னால், இரண்டுக்கும் நடுவில் உள்ள கமிட்டை அது எடுத்துக் கொடுக்கும். ஓட்டிப் பார்த்து நல்லது அல்லது கெட்டது என்று பதில் சொன்னால் மீதிப் பாதியின் நடுவுக்குப் போகும். 1,000 கமிட்டுகள் என்றால் சுமார் பத்துக் கேள்விகளில் பிழையை நுழைத்த கமிட்டின் பெயரைச் சொல்லிவிடும். பதில் சொல்லும் வேலையைக்கூட ஒரு சிறு ஸ்கிரிப்டிடம் ஒப்படைக்கலாம். அந்த ஸ்கிரிப்ட் 0 என்று முடிந்தால் நல்லது, 125 என்று முடிந்தால் இந்தக் கமிட்டைச் சோதிக்க முடியாது, தாண்டிப் போ என்று பொருள். 125 தவிர 1 முதல் 127 வரை எந்த எண்ணில் முடிந்தாலும் கெட்டது. கணினி தானாகத் தேடிக்கொண்டிருக்கும்போது நாம் தேநீர் குடித்துவிட்டு வரலாம். லினக்ஸ் கெர்னலைப் போன்ற பெரிய திட்டத்தின் ஆவணங்களிலேயே இதற்கென்று தனிப் பக்கம் இருப்பது தற்செயல் அல்ல. கெர்னலை முழுக்கப் படித்து அறிந்தவர் எவரும் இல்லை. ஆனாலும் சாதாரணப் பயனர் ஒருவர் பைசெக்ட் செய்து குற்றவாளிக் கமிட்டைக் காட்டிவிட முடியும்.

இந்த முறையின் வலுவை ஆராய்ச்சியாகவே செய்து காட்டியவர் ஜெர்மானியக் கணினி அறிவியலாளர் ஆண்ட்ரியாஸ் ஸெல்லர். 1999-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்கொண்ட சிக்கல் இது: ஜிடிபி என்ற டிபக்கர் 4.16 பதிப்பிலிருந்து 4.17-க்கு மாறியபோது, அதற்கு முகப்பாக இருந்த டிடிடி என்ற நிரல் சரியாக வேலை செய்யவில்லை. இரு பதிப்புகளுக்கும் இடையில் 1,78,000 வரிகள் மாறியிருந்தன. மாற்றங்களைக் கூட்டங்களாகப் பிரித்துச் சேர்த்தும் நீக்கியும் தானாகச் சோதிக்கும் ஒரு வழிமுறையை அவர் உருவாக்கி, அதற்கு டெல்டா டிபக்கிங் என்று பெயரிட்டார். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு வரி. பயனருக்குக் காட்டும் வாசகம் ஒன்றில் யாரோ சொல்லை மாற்றியிருந்தார்கள்; டிடிடியோ அந்த வாசகம் பழையபடியே வரும் என்று எதிர்பார்த்திருந்தது. அனுபவசாலி ஒருவர் இந்த 1,78,000 வரிகளைப் பார்வையிட்டிருந்தால் நினைவக மேலாண்மையையோ சுட்டிகளையோ சந்தேகித்திருப்பார். ஒரு வாசகத்தின் சொல்மாற்றத்தை அநேகமாக எவரும் சந்தேகித்திருக்க மாட்டார். வெட்டிப் பார்க்கும் முறைக்கு முன்முடிவு இல்லை என்பதே அதன் பலம்.

பைசெக்ட் பலன் தர நம் அன்றாடப் பழக்கமும் ஒத்துழைக்க வேண்டும். ஒரு கமிட்டில் ஒரு மாற்றம் என்று வைத்துக்கொண்டால் விடை நான்கு வரிகளில் கிடைக்கும். வாரம் முழுக்கச் செய்த வேலையை வெள்ளிக்கிழமை மாலை ஒரே கமிட்டாகப் போட்டால் நாலாயிரம் வரிகளில் கிடைக்கும். ஒவ்வொரு கமிட்டும் பில்டாகி ஓட வேண்டும். லைப்ரரிப் பதிப்புகளைப் பதிவுசெய்யும் லாக்ஃபைலும் கிட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய கமிட்டை எடுத்தாலும் புதிய லைப்ரரியோடுதான் ஓடும். தரவுத்தளத்தின் அமைப்பு மாறியதோ சான்றிதழ் காலாவதியானதோ காரணமாக இருந்தால் பைசெக்ட் எதையும் காட்டாது. நல்லது என்று உறுதியாகத் தெரிந்த பழைய கமிட்டும் இன்று கெட்டதாகவே ஓடும். அதுவும் ஒரு விடைதான். குற்றம் நிரலுக்கு வெளியே இருக்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

பாதையை வெட்டுதல்

எல்லாப் பிழைக்கும் நல்ல நேற்று என்று ஒன்று இருக்காது. புதிதாக எழுதியது முதல் நாளே ஓடாமல் போகலாம். அப்போது வெட்ட வேண்டியது தரவு பயணம் செய்யும் பாதையை. தமிழில் இயங்கும் தளங்களை உருவாக்குகிறவர்கள் அடிக்கடி சந்திக்கும் ஒரு சிக்கலை எடுத்துக்கொள்வோம். தரவுத்தளத்தில் 'கொடி' என்ற சொல் இருக்கிறது, பயனர் அதே சொல்லைத் தேடுகிறார், ஒன்றும் கிடைக்கவில்லை. பாதை நீளமானது: விசைப்பலகை, உலாவி, வலைப்பின்னல், சர்வர் நிரல், தரவுத்தள இணைப்பு, சேமித்த தரவு. ஊகிக்கிறவர் எழுத்துருவையோ தரவுத்தள அமைப்பையோ மாற்றத் தொடங்குவார். வெட்டுகிறவர் நடுவில் நின்று பார்ப்பார்: பயனர் தட்டிய சொல் சர்வர் நிரலுக்கு வந்து சேரும்போது எப்படி இருக்கிறது? திரையில் அச்சிட்டுக் கண்ணால் பார்த்தால் போதாது, அதன் நீளத்தை அச்சிட வேண்டும். வந்த சொல்லின் நீளம் 5 குறியீடுகள், தரவுத்தளத்தில் இருப்பதன் நீளம் 4 குறியீடுகள் என்று தெரிந்தால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டும் கணினிக்கு வேறு வேறு என்பது விளங்கிவிடும்.

காரணம் யூனிகோடில் இருக்கிறது. 'கொ' என்பதை ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்து இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று குறியீடுகளாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது, ஆனால் பைட்டுகளை அப்படியே ஒப்பிடும் நிரலுக்கு அது தெரியாது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகள் என்பதால் ஒரு 'கொடி' 12 பைட்டுகள், இன்னொரு 'கொடி' 15 பைட்டுகள். தரவு உள்ளே நுழையும் வாயிலிலேயே என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தைச் செய்து, பழைய தரவையும் ஒரு முறை அதே வடிவத்துக்கு மாற்றினால் சிக்கல் தீரும். இங்கேயும் குறைப்பை நடுவில் நிறுத்தக் கூடாது. 'கௌ' என்பதன் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு 'கெள' என்று தட்டியிருந்தால், பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றாக இருந்தாலும் யூனிகோடின் கணக்கில் அவை வெவ்வேறு சொற்கள். இயல்பாக்கம் அதைத் திருத்தாது. நீளத்தை அச்சிட்டுப் பார்க்கும் பழக்கமுள்ளவர் குறியீடுகளையும் அச்சிட்டுப் பார்ப்பார், அங்கே இந்த இரண்டாவது வேறுபாடும் வெளிப்படும்.

பாதையின் நடுவில் நின்று பார்ப்பதற்கு எது வசதியோ அதைப் பயன்படுத்தலாம். அச்சிடும் கட்டளையே பல நேரம் போதும். மாறிகள் எப்படி மாறுகின்றன என்று படிப்படியாகப் பார்க்க டிபக்கரின் பிரேக்பாயின்ட் வேண்டும். நிரல் எந்தக் கோப்பைத் திறக்க முயல்கிறது என்று லினக்ஸில் அறிய எஸ்டிரேஸ் இருக்கிறது. வலைப்பின்னலில் உண்மையில் என்ன போகிறது என்று காண டிசிபிடம்ப்போ வயர்ஷார்க்கோ இருக்கிறது. எந்தக் கருவி உயர்ந்தது என்ற விவாதத்தில் பொருளில்லை. இந்தப் பக்கம் சரி, அந்தப் பக்கம் தவறு என்று ஐயமின்றிச் சொல்லும் கருவி எதுவோ அதுவே அந்த நேரத்துக்கு நல்ல கருவி.

உள்ளீட்டை வெட்டுதல்

மூன்றாவதாக வெட்டக்கூடியது பிழையைத் தூண்டும் உள்ளீடு. 1999-இல் மோசில்லா உலாவியின் பிழைப் பட்டியலில் தீராத அறிக்கைகள் நூற்றுக்கணக்கில் குவிந்திருந்தன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பெரிய வலைப்பக்கத்தைக் காட்டி, இங்கே உலாவி விழுகிறது என்றது. நிரல் எழுதத் தெரியாத தன்னார்வலர்களும் உதவலாம் என்று மோசில்லா அழைத்தது. வேலை இதுதான்: பக்கத்தின் வரிகளை ஒவ்வொன்றாக நீக்கி, பிழை இன்னும் வருகிறதா என்று பார்த்து, வராமல் போனால் நீக்கியதைத் திரும்ப வைத்து, மிகச் சிறிய பக்கத்தை எட்டுவது. ஸெல்லரும் ரால்ஃப் ஹில்டபிரான்ட்டும் 2002-இல் இதையே தானியங்கியாகச் செய்து காட்டினார்கள். அச்சிடும்போது உலாவியை விழவைத்த 896 வரிப் பக்கம் ஒரே வரியாகச் சுருங்கியது. அதில் எஞ்சியது 'செலெக்ட்' என்ற குறிச்சொல். விழவைக்கப் பயனர் செய்த 95 செயல்களில் 3 மட்டுமே தேவையானவை என்பதும் தெரிந்தது.

இப்படிச் சுருக்கிக் கிடைக்கும் சிறு நிரலுக்கு இரண்டு பயன்கள். சுருக்கும் வேலையின் நடுவிலேயே காரணம் கண்ணில் பட்டுவிடுவது ஒன்று. பல பிழைகள் பிறரிடம் கொண்டுபோவதற்கு முன்பே இந்தக் கட்டத்தில் தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டாலும், உதவ வருகிறவர் இரண்டே நிமிடத்தில் தம் கணினியில் ஓட்டிப் பார்க்கக்கூடிய ஒன்று கையில் இருக்கிறது. உதவி கேட்பவர் எழுத வேண்டியது நான்கு விஷயம்தான்: ஓடக்கூடிய மிகச் சிறிய நிரல், எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்பதன் முழு வாசகம், பதிப்பு எண்களோடு சூழல். பிழைச்செய்தியைப் படமாகப் பிடித்து அனுப்பாமல் எழுத்தாகவே ஒட்ட வேண்டும், அப்போதுதான் அதைத் தேடவும் நகலெடுக்கவும் முடியும். கடவுச்சொல், ஏபிஐ சாவி, வாடிக்கையாளரின் விவரம் ஆகியவை நிரலில் இருந்தால் முதலில் நீக்க வேண்டும். சுருக்கிய நிரலில் பெரும்பாலும் அவை தானாகவே போய்விட்டிருக்கும்.

நான்கு மறுப்புகள்

இந்த முறைக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் முதலாவது, அனுபவசாலிகள் இப்படியெல்லாம் செய்வதில்லையே என்பது. பதினைந்து ஆண்டு வேலை பார்த்தவர் லாகை ஒரு பார்வை பார்த்துவிட்டு 'டிஎன்எஸ்' என்கிறார், அதுவே சரியாகவும் இருக்கிறது. ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மைதான். ஆனால் அவருடைய ஊகம் அவருக்கு எங்கே முதலில் வெட்டுவது என்று சொல்கிறது. வெட்டிப் பார்க்காமல் அவர் எதையும் மாற்றுவதில்லை. 2024 மார்ச் 29 அன்று வெளியான எக்ஸ்இசட் பின்கதவு விவகாரம் இதற்கு நல்ல சான்று. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், டெபியன் லினக்ஸின் வளர்ச்சிப் பதிப்பில் எஸ்எஸ்எச் உள்நுழைவு சுமார் அரை விநாடி தாமதமாவதையும், செயலியை அது வழக்கத்துக்கு மேல் உறிஞ்சுவதையும் கவனித்தார். அவர் அதை ஊகத்தோடு விடவில்லை. பழைய நேரத்தையும் புதிய நேரத்தையும் அளந்து ஒப்பிட்டார். பெர்ஃப் கருவியால் நேரம் எங்கே செலவாகிறது என்று பார்த்து, சுருக்க வேலைக்கான ஒரு லைப்ரரிக்கு வந்து சேர்ந்தார். எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டுப் புகுத்தப்பட்ட பின்கதவு அங்கே இருந்தது. அனுபவம் அவரைச் சந்தேகப்பட வைத்தது. கண்டுபிடித்துக் கொடுத்தது அளவீடு.

இரண்டாவது மறுப்பு, எப்போதாவது மட்டும் வரும் பிழையை எப்படி வெட்டுவது என்பது. இது கனமான மறுப்பு. பத்து ஓட்டங்களில் ஒரு முறை வரும் பிழையை ஒரு கமிட்டில் பத்து முறை ஓட்டிப் பார்த்து, வரவில்லை, ஆகவே நல்லது என்று முடிவெடுத்தால், அந்த முடிவு தவறாக இருக்க ஏறத்தாழ 35 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அதே சோதனையை 44 முறை ஓட்டினால் வாய்ப்பு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். ஆகவே எத்தனை முறை ஓட்ட வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டு முடிவுசெய்யலாம். இயந்திரத்துக்கு அலுப்பு கிடையாது. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் சில நாட்களில் தானாகவே ரீசெட் ஆகத் தொடங்கியது. ஏவுவதற்கு முன் நடந்த சோதனைகளிலேயே இத்தகைய ரீசெட் எப்போதாவது தலைகாட்டியிருந்தது, வரவழைக்க முடியாததால் விட்டுவிட்டார்கள். இம்முறை, கலத்தை இயக்கிய ஜேபிஎல் ஆய்வகத்தின் பொறியாளர்கள் பூமியில் இருந்த மாதிரிக் கலத்தில், நடப்பவற்றைப் பதிவுசெய்யும் வசதியை இயக்கி, பிழை வரும்வரை ஓட்டினார்கள். வந்தபோது பதிவில் காரணமும் இருந்தது. முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்க, முன்னுரிமை மிகுந்த பணி அதற்காகக் காத்துக் கிடந்தது. இடைநிலைப் பணிகள் வானிலைப் பணியை ஓடவிடாமல் தடுத்தன. அந்தப் பூட்டில் முன்னுரிமை வாரிசுரிமை என்ற அமைப்பை இயக்கி, மாற்றத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். இன்று இதே உத்தி எல்லோருக்கும் எட்டுகிறது. மோசில்லாவில் உருவான ஆர்ஆர் என்ற கருவி ஓர் ஓட்டத்தை அப்படியே பதிவுசெய்து, பின்னோக்கியும் ஓட்டிப் பார்க்க விடுகிறது. பிழை ஒரே ஒரு முறை வந்தால் போதும்.

மூன்றாவது மறுப்பு நேரம். வாடிக்கையாளர் தொலைபேசியில் கத்திக்கொண்டிருக்கும்போது யார் பாதி பாதியாக வெட்டிக்கொண்டிருப்பது? இந்தக் கேள்விக்கு விடை, இரண்டு வேலைகளைக் கலக்காமல் இருப்பது. சேவையை மீட்பது ஒரு வேலை, காரணம் கண்டுபிடிப்பது வேறு வேலை. முந்தைய பதிப்புக்கு ரோல்பேக் செய்வதோ, ரீஸ்டார்ட் செய்வதோ தவறில்லை. அதற்கு முன் லாகையும் நினைவகப் பதிவையும் பத்திரப்படுத்திவிட வேண்டும், ஏனெனில் ரீஸ்டார்ட் அழிக்கும் முதல் பொருள் சான்றுதான். சேவை திரும்பியதும் வேலை முடிந்தது என்று எழுந்து போகிறவருக்கு அதே தொலைபேசி அழைப்பு மறுபடியும் வரும்.

நான்காவது, சுருக்கினால் பிழையே மறைந்துவிடுகிறதே என்பது. மறைவதும் ஒரு விடை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஜாவாவின் நூலகத்தில் இருந்த இருமத் தேடல் நிரலில் ஒரு பிழை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை என்று 2006-இல் ஜோஷுவா பிளாக் எழுதினார். கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுக்கும் வரியில், கூட்டல் 2,147,483,647-ஐத் தாண்டினால் விடை எதிர்மறையாகிவிடும். அணியில் சுமார் 107 கோடி உறுப்புகளுக்கு மேல் இருந்தால்தான் இது நடக்கும். சிறு அணியில் எத்தனை முறை சோதித்தாலும் வராது. இத்தகைய பிழையில் தரவைக் குறைக்கும்போது எந்த அளவில் பிழை மறைகிறது என்பதைத் தேடுங்கள். அந்த எல்லை 32,767 அல்லது 65,535 போன்ற எண்ணுக்கு அருகில் வந்து நின்றால், எண் வகையின் கொள்ளளவைச் சந்தேகிக்கக் காரணம் கிடைத்துவிட்டது.

இடம் தெரிந்த பின்

பிழை இருக்கும் இடம் தெரிந்ததும் அதைத் திருத்திவிட்டு நகரும் ஆசை வரும். பைசெக்ட் சொல்வது எங்கே என்பதை மட்டுமே. ஏன் என்பதை நாம்தான் விளக்க வேண்டும். தெராக்-25-இல் இருந்த அதே பிழை அதற்கு முந்தைய மாதிரியான தெராக்-20-இலும் இருந்தது. அங்கே தனியான வன்பொருள் தடுப்புகள் இருந்ததால் ஃபியூஸ் போனதே தவிர யாருக்கும் காயமில்லை. புதிய மாதிரியில் அந்தத் தடுப்புகளை நீக்கி, பாதுகாப்பை நிரலிடம் விட்டிருந்தார்கள். பிழையுள்ள வரியை மட்டும் திருத்துகிறவர், அந்த வரியைத் தாங்கிப் பிடிக்க வேறு எதுவும் இல்லாமல் போனது ஏன் என்ற கேள்வியை விட்டுவிடுகிறார். திருத்தம் சரியா என்பதற்கும் ஒரு சோதனை உண்டு: திருத்தத்தைச் சேர்த்தால் பிழை மறைய வேண்டும், எடுத்தால் திரும்ப வர வேண்டும். இரண்டும் நடந்தால்தான் காரணம் பிடிபட்டது என்று பொருள். பிழையை வரவழைத்த அந்தச் சிறு நிரலை நிரந்தரச் சோதனையாகத் திட்டத்திலேயே சேர்த்துவிட்டால், அதே பிழை இன்னொரு கமிட்டில் நுழையும் நாளில் அதுவே காட்டிக்கொடுக்கும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் வந்துவிட்டனவே, பிழைச்செய்தியை ஒட்டினால் விடை வருகிறதே என்று கேட்பவர்களும் உண்டு. வரும் விடை பல நேரம் சரியாகவும் இருக்கிறது. ஆனால் அது தருவது வேகமான ஊகம். அதைச் சரிபார்க்கத் திரும்ப வரவழைக்கக்கூடிய பிழை ஒன்று நம்மிடம் இருந்தாக வேண்டும். நாற்பது கோப்புகளைக் கொட்டிக் கேட்பதற்கும், சுருக்கிய இருபது வரிகளைக் கொடுத்துக் கேட்பதற்கும் வரும் பதில்களில் உள்ள வேறுபாட்டை ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்தால், உதவுவது மனிதரானாலும் இயந்திரமானாலும் குறைக்கும் வேலை கேட்பவருடையதே என்பது புரியும்.

அடுத்த முறை நிரல் நிற்கும்போது, எந்த வரியையும் தொடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: பிழையை எப்படி வரவழைப்பது, எங்கே வரை சரியாக இருக்கிறது, எங்கிருந்து தவறாக இருக்கிறது. இந்த இரு எல்லைகளையும் எழுத முடிந்தால், நடுவில் வெட்டுங்கள். எழுத முடியாவிட்டால், திருத்தும் நேரம் இன்னும் வரவில்லை.